பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

தமிழ்நாட்டின் பழைய பாதைகளில் இன்னும் சில சுமைதாங்கிக் கற்கள் நிற்கின்றன. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருபவர் கைகொடுக்க ஆளில்லாமலேயே சுமையை இறக்கி வைக்கவும், மூச்சு வாங்கிக்கொண்டு திரும்ப ஏற்றிக்கொள்ளவும் தோதான உயரம். இவற்றில் பல, வயிற்றுப்பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நட்டவை. இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்கு, வழிப்போக்கர் ஒருவர் சுமை இறக்கும்போதெல்லாம் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும் என்பது நம்பிக்கை. அவள் ஏன் செத்தாள் என்று அந்தக் கல் கேட்பதில்லை. மருத்துவச்சி மேல் குற்றம் சொல்வதில்லை. ஊர் அதை விதி என்று எடுத்துக்கொண்டு நடந்தது.

இன்று அப்படி ஒரு பெண் இறந்தால் கோப்பு திறக்கப்படுகிறது. தகவல் உடனே மாவட்டத் தலைமைக்குப் போகிறது. கேஸ் ஷீட் பிரதியெடுக்கப்படுகிறது, கிராம சுகாதார செவிலியரின் பதிவேடு வரவழைக்கப்படுகிறது, வீட்டாரிடம் விசாரிக்கிறார்கள். மருத்துவமனை அளவில் ஒரு கூட்டம், பிறகு மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் இன்னொரு கூட்டம். அரசுத் தாள்களில் இதற்கு மகப்பேறு மரணத் தணிக்கை என்று பெயர். வார்டுகளில் சொல்வது ‘எம்.டி. ஆடிட்’. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைச் சீர்திருத்தங்களில் மிகப் பெருமைக்குரியவற்றில் ஒன்று இது. அங்கே வேலை செய்பவர்கள் மிகவும் கசந்து பேசுவதும் இதைப் பற்றித்தான். பெருமையும் கசப்பும் ஒரே அறையில் எப்படிக் குடியிருக்கின்றன என்பது நிர்வாகச் சிக்கல் போலத் தோன்றலாம். தோண்டிப் பார்த்தால் அடியில் கிடப்பது அறநூல்களின் பழைய கேள்வி: ஒரு சாவுக்குப் பொறுப்பேற்பதும் அதற்குப் பழி சுமப்பதும் ஒன்றா?

பெருமையை முதலில் சொல்லிவிட வேண்டும். 1990-களின் நடுவில் தமிழ்நாடு இந்த வேலையைத் தொடங்கியபோது, நாட்டின் பல மாநிலங்களில் பிரசவத்தில் இறந்தவர்களின் முழுக் கணக்குகூடக் கிடையாது. மத்திய அரசின் வழிகாட்டி நெறிமுறை வந்ததே 2010-இல்தான். அதற்கு முன்பே இங்கே ஒவ்வொரு சாவையும் தனித்தனியாக எடுத்து வைத்து ‘ஏன்’ என்று கேட்டார்கள். பதில்கள் எளிமையாக இருந்தன. ரத்தம் இல்லை. இரவில் மயக்க மருத்துவர் இல்லை. ஊரிலிருந்து வர வண்டி இல்லை. இத்தகைய பதில்களிலிருந்துதான் வட்டார அளவில் ரத்த சேமிப்பு மையங்களும், இரவு பகலாக அறுவைச் சிகிச்சை செய்யும் ‘சீமாங்க்’ மையங்களும், மூன்று செவிலியரோடு 24 மணி நேரமும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் நியாயம் பெற்றன. 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2001-03 கணக்கெடுப்பில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 134 தாய்மார் இறந்த மாநிலத்தில், 2018-20 கணக்கெடுப்பில் அந்த எண் 54. அதே காலத்தில் இந்தியாவின் எண் 301-லிருந்து 97-க்கு வந்தது. எல்லாம் ஆடிட்டால் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கேள்வி கேட்காமல் இருந்திருந்தால் எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்பதே தெரிந்திருக்காது.

‘விதி’ என்ற சொல்லை ஓர் அரசாங்கம் ஏற்க மறுத்த தருணம் அது. சிறிய விஷயமில்லை.

ஆனால் விதியை வெளியே அனுப்பிய அறைக்குள் பழி வந்து உட்கார்ந்துகொண்டது. அரசு மருத்துவர் சங்கங்கள் பல ஆண்டுகளாக ஒரே கோரிக்கையைத் திரும்பத் திரும்ப வைக்கின்றன: ஆடிட்டை மகப்பேறு நிபுணர்கள் நடத்தட்டும், மருத்துவம் படிக்காத அதிகாரிகள் நீதிபதி இருக்கையில் உட்கார்ந்து கேள்வி கேட்பது போதும். இந்தக் கோரிக்கைக்காகக் கூட்டங்களைப் புறக்கணித்ததும் உண்டு. அதை மேட்டிமை என்று தள்ளிவிடுவது சுலபம். அந்த அறையில் என்ன நடக்கிறது என்று அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். முந்தின இரவு பணியில் இருந்த இளம் மருத்துவர், பக்கத்தில் நின்ற ஸ்டாஃப் நர்ஸ், கர்ப்பத்தைப் பதிவு செய்த வி.எச்.என். (கிராம சுகாதார செவிலியர்) என்று வரிசையாக எழுந்து நிற்க வேண்டும். எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், ஏன் பத்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டீர்கள், ஏன் இந்தக் கட்டத்தை நிரப்பவில்லை? கேள்வியின் உள்ளடக்கத்தைவிட அதன் தொனிதான் அவர்களைக் காயப்படுத்துகிறது. வெளியே வரும்போது கையில் என்ன வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். முதலில் மெமோ. விவகாரம் முற்றினால் ‘பதினேழு பி’, அதாவது பெருந்தண்டனை வரை போகக்கூடிய ஒழுங்கு நடவடிக்கை. அந்த எண்ணைக் கேட்டு வயிறு கலங்காத அரசு ஊழியர் தமிழ்நாட்டில் இல்லை.

இத்தனைக்கும் மத்திய நெறிமுறையே இந்த ஆய்வு தண்டிப்பதற்கானது இல்லை என்றுதான் சொல்கிறது. எழுத்தில் ஒன்று, அறையில் வேறொன்று.

பிரசவ அறையின் காலக்கணக்கைத் தெரிந்துகொண்டால்தான் அந்தப் பத்து நிமிடக் கேள்வியின் எடை புரியும். நிறைமாதக் கருப்பைக்கு ஒவ்வொரு நிமிடமும் அரை லிட்டருக்குக் குறையாமல் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. குழந்தையும் நஞ்சும் வெளியே வந்ததும் கருப்பை தானாகச் சுருங்கி, திறந்திருக்கும் ரத்தக்குழாய்களை நெரித்து மூட வேண்டும். பெரும்பாலும் மூடிவிடும். மூடாவிட்டால் ரத்தம் நிற்காமல் போகும்; அதுதான் ‘பி.பி.எச்.’, கவனிக்காமல் விட்டால் இரண்டு மணி நேரத்தில் நல்ல உடல்நிலையில் இருந்த பெண்கூடச் செத்துப்போகலாம். எந்தப் பெண்ணுக்கு வரும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்லவும் முடியாது. ஒரே நேரத்தில் பக்கத்துக் கட்டிலில் இன்னொரு தலை வெளியே வந்துகொண்டிருக்கும். அந்த இரவில் எத்தனை பேர் பணியில் இருந்தார்கள் என்பது சாவின் காரணங்களில் ஒன்று. ஆனால் அந்தக் காரணத்தை எழுந்து நிற்கச் சொல்ல முடியாது. அதற்குப் பெயர் இல்லை, பணி எண் இல்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று பழமொழி சொல்கிறது. பழியைச் சுமத்தத் தேடினால் கைக்கு எட்டுகிற ஆள் எப்போதும் கீழ்ப்படியில்தான் நிற்பார்.

பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976-இல் ஓர் எடுத்துக்காட்டைச் சொன்னார். லாரி ஓட்டுநர் ஒருவர் கவனமாகத்தான் வண்டி ஓட்டுகிறார். திடீரென்று குழந்தை ஒன்று குறுக்கே ஓடி வந்து அடிபட்டு இறக்கிறது. அவர் மேல் தவறே இல்லை. ஆனாலும் வேடிக்கை பார்த்தவர்கள் படுகிற வருத்தமும் அவர் படுகிற வருத்தமும் ஒன்றாக இருக்காது. ‘என் கையால் நடந்தது’ என்ற உணர்வு அவரை விடாது. சுற்றியிருப்பவர்கள் ஆறுதல் சொல்வார்கள், சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொன்ன உடனே அவர் நிம்மதியாகிவிட்டால் நமக்கு அவர் மேல் சந்தேகம்தான் வரும். குற்றம் இல்லாத இடத்திலும் ஒரு மனிதன் பதில் சொல்ல விரும்புகிறான் என்பது வில்லியம்ஸ் கண்ட உண்மை.

தமிழ் வாசகருக்கு இந்த லாரி புதிதில்லை. அது திருவாரூர் வீதியில் ஓடிய தேர். சேக்கிழார் சொல்லும் மனுநீதிச் சோழன் கதையைப் பொதுவாக மன்னனின் நீதிக்காகவே சொல்கிறோம். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலையும் வைத்திருக்கிறோம். ஆனால் கதையில் இன்னும் இருவர் இருக்கிறார்கள். கூட்டத்தின் நடுவே யாரும் பாராமல் துள்ளி வந்த கன்று தேர்க்காலில் சிக்கியது. இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் அவன் தப்பி ஓடவில்லை, கன்று தானாக வந்து விழுந்தது என்று வாதாடவும் இல்லை; துடித்துப்போய், இதற்குக் கழுவாய் என்ன என்று கேட்டு அந்தணர்களைத் தேடிப் போகிறான். தந்தைக்குச் செய்தி எட்டும் முன்பே அவன் பொறுப்பை ஏற்றுக்கொண்டாயிற்று. வில்லியம்ஸின் ஓட்டுநர் இவன்தான்.

மற்றவர் ஓர் அமைச்சர். இளவரசன் மேல் தேரை ஏற்று என்று மன்னன் அவருக்கு ஆணையிடுகிறான். ஆணையை மீற முடியாது; நிறைவேற்ற மனம் ஒப்பவில்லை. அவர் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறார். பிறகு மன்னனே தேரை ஓட்டுகிறான். நீதியைப் பற்றிய கதையில், கன்றின் சாவோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு மனிதர், மேலே இருந்து வந்த நீதிக்கும் கீழே இருந்த கருணைக்கும் நடுவில் நசுங்கிப்போகிறார். இந்தக் கதையைப் படிக்கும் அரசு மருத்துவமனைக்காரர் யாருக்கும் அந்த அமைச்சரைத்தான் அடையாளம் தெரியும். புராணத்தில் சிவபெருமான் வந்து கன்றையும் இளவரசனையும் அமைச்சரையும் எழுப்பிவிடுகிறார். நிஜத்தில் அப்படி யாரும் எழுப்புவதில்லை. 2022 மார்ச்சில் ராஜஸ்தானின் தௌசா மாவட்டத்தில் பி.பி.எச்.-இல் ஒரு தாய் இறந்தார். சிகிச்சை அளித்த பெண் மருத்துவர் மேல் போலீஸ் கொலை வழக்கே பதிந்தது. மறுநாள் அந்த மருத்துவரும் உயிரை மாய்த்துக்கொண்டார். அது தனியார் மருத்துவமனை. ஆனால் அந்தச் செய்தி வந்த நாளில் அரசுப் பிரசவ வார்டுகளில் அதைப் பேசாதவர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் வூ 2000-இல் இப்படிப்பட்ட மருத்துவர்களுக்கு ‘இரண்டாவது பாதிக்கப்பட்டவர்’ என்று பெயர் வைத்தார். உறவை இழந்த குடும்பங்கள் சில அந்தச் சொல்லை எதிர்த்தன: செத்தது எங்கள் பிள்ளை, பாதிக்கப்பட்டவர் என்ற பெயரிலும் பங்கு கேட்கிறார்களா? அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. துக்கத்துக்கு வரிசை எண் போடக்கூடாது.

பழி பயத்தால் என்ன நடக்கிறது? உண்மை முதலில் ஒளிந்துகொள்கிறது. கேஸ் ஷீட் நோயாளிக்காக எழுதப்படுவது நின்று, ஆடிட்டுக்காக எழுதப்படத் தொடங்குகிறது. அடுத்தது ‘ரெஃபர்’. சாவு எந்த மருத்துவமனைக் கட்டிலில் நடக்கிறதோ அந்தக் கணக்கில் ஏறுகிறது என்பதால், சந்தேகம் தோன்றியதுமே மேலே அனுப்பிவிடுவதுதான் பாதுகாப்பு என்ற எண்ணம் வளர்கிறது. ஆரம்ப சுகாதார நிலையமான பி.எச்.சி.யிலிருந்து தாலுகா ஜி.எச்., அங்கிருந்து பெரியாஸ்பத்திரி. அவசியமான ரெஃபர் உயிரைக் காக்கும். பயத்தில் செய்யும் ரெஃபர் ஒரு பெண்ணை மதிப்புமிக்க அரை மணி நேரம் சாலையில் வைத்திருக்கும். சாவைக் குறைக்க வந்த சீர்திருத்தமே சாவுக்கு வழிவிடும் இடம் இது. இதை மருத்துவர்கள்தான் வாய்விட்டுச் சொல்கிறார்கள். சொல்பவர்களில் பலர் அப்படி ரெஃபர் செய்தவர்களும்கூட.

இங்கிலாந்தில் 1952-லிருந்து தாய் மரணங்களை ஆராய்கிறார்கள். அங்கே முதல் விதி, பெயர்களை நீக்கிவிடுவது. எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர் என்பது ஆய்வு செய்யும் நிபுணருக்கே தெரியாது. கேரளத்தில் 2004 முதல் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு அரசின் ஆதரவோடு அதே முறையில் ரகசிய ஆய்வு நடத்துகிறது. தங்கள் வார்டில் நடந்த சாவைத் தாங்களே எழுதி அனுப்புகிறார்கள். பெயர் மறைந்துவிடும் என்ற உறுதி இருப்பதால் நடந்ததை நடந்தபடி எழுத முடிகிறது. ரத்தப்போக்குதான் முதல் எதிரி என்று அந்த ஆய்வு காட்டியது. அதற்கான நெறிமுறைகளையும் பயிற்சியையும் வகுத்தார்கள். 2018-20-இல் கேரளத்தின் எண் 19. அதற்கும் பல காரணங்கள் உண்டு. ஆனால் பெயர் கேட்காத அறையில் உண்மை கூடுதலாகப் பேசும் என்பதை மறுக்க முடியாது.

மதங்கள் இதை முன்பே அறிந்திருந்தன. கத்தோலிக்கப் பாவசங்கீர்த்தனத்தில் குருவானவர் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு உடையவே உடையாது. அந்தப் பூட்டு இல்லாவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பௌத்த சங்கத்தில் மழைக்காலத் தங்கல் முடியும் நாளில் ‘பவாரணா’ என்றொரு சடங்கு. பிக்குகள் ஒவ்வொருவராகக் கைகூப்பி, என்னிடம் நீங்கள் கண்ட, கேட்ட, சந்தேகித்த குறை எதுவானாலும் இரக்கத்தோடு சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன் என்று சங்கத்தை வேண்டிக்கொள்வார்கள். கவனிக்க வேண்டியது இதுதான்: முதலில் கைகூப்புபவர் மூத்த பிக்கு. கடைசியாகத்தான் புதிதாகச் சேர்ந்தவர். ஆட்சியர் அலுவலகக் கூட்ட அரங்கில் வரிசை தலைகீழாக இருக்கிறது. சுகாதாரத் துறையின் உயர் அதிகாரி முதலில் எழுந்து, இந்தப் பெண்ணின் சாவில் என் அலுவலகத்தின் பங்கு என்ன, சொல்லுங்கள் என்று கேட்டு ஓர் ஆடிட் தொடங்கினால், அந்த இளம் மருத்துவர் தன் பத்து நிமிடத்தைப் பற்றி உண்மையைச் சொல்லத் துணிவார்.

மேலே உள்ளவர்களுக்குப் பங்கு இருக்கிறது என்பதை ஊழியர்கள் பல ஆண்டுகளாகத் தெருவில் நின்று சொல்லி வருகிறார்கள். 2019 அக்டோபர் இறுதியில் அரசு மருத்துவர்கள் ஒரு வாரம் வேலைநிறுத்தம் செய்தபோது ஊதியக் கோரிக்கைதான் பெரிதாகப் பேசப்பட்டது. அதோடு சேர்த்து இன்னொன்றும் கேட்டார்கள்: மருத்துவக் கவுன்சில் வகுத்த குறைந்தபட்ச எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டிருக்காமல், வரும் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணியிடம் உருவாக்குங்கள். இரவில் அந்த வார்டில் எத்தனை பேர் என்ற கேள்விதான் இது. பலருக்குக் கிடைத்த பதில் இடமாற்ற உத்தரவு. 2020 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. 2015-இல் போட்டித் தேர்வெழுதி வந்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற வாக்கு நிறைவேறாமல் 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். மருந்தை நான்காகப் பகுத்த வள்ளுவர், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்பவரையும் மருந்தின் ஒரு கூறாகவே வைத்தார். அந்தக் கூறின் பணி நிரந்தரமா தற்காலிகமா என்று ஆண்டுக்கணக்கில் தெரியாமல் இருப்பதும் ஒரு சாவின் காரணப் பட்டியலில் இடம்பெற வேண்டிய செய்திதான்.

இதையெல்லாம் சொன்ன பிறகு, இறந்தவளின் தாய் பக்கம் திரும்பாமல் இருக்க முடியாது. அமைப்பின் குறை, ஆள் பற்றாக்குறை என்ற சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்பவர்களும் உண்டு. பிரசவ வலியில் கத்துகிற பெண்ணை ஏளனமாகப் பேசுவதும், கை நீட்டுவதும், குழந்தையைக் காட்டக் காசு கேட்பதும் ஏழைக் குடும்பங்கள் நன்றாக அறிந்த அவமானங்கள். இவற்றுக்கு ஆள் பற்றாக்குறை காரணமாகாது. கூப்பிட்டும் வராமல் இருந்தவரும், ஒரே நேரத்தில் நாலு பேரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் வர முடியாமல் போனவரும் ஒன்றில்லை. பெயர் மறைக்கும் முறை முதலாமவருக்குத் திரையாகிவிடக் கூடாது. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதாரணப் பிழையையும் குற்றமாகிற கொடிய அலட்சியத்தையும் பிரித்துப் பார்க்கச் சொன்னது. வழக்குத் தொடுக்கும் முன் சார்பற்ற மருத்துவரின் கருத்தைக் கேட்கவும் சொன்னது. அதே பிரிவினை ஆடிட்டுக்கும் வேண்டும். கற்றுக்கொள்வதற்கு ஓர் அறை, குற்றம் விசாரிக்க வேறோர் அறை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால் கற்பதும் நடக்காது, உண்மையான குற்றவாளியும் அகப்பட மாட்டார்.

ஆட்சியர் கூட்டத்துக்கு இறந்தவரின் உறவினர் இருவரை அழைக்க வேண்டும் என்று நெறிமுறை சொல்கிறது. அவர்கள் முதலில் பேசுவார்கள். எப்போது வலி எடுத்தது, எந்த வண்டி வந்தது, யார் என்ன சொன்னார்கள். பேசி முடித்ததும் அவர்களை வெளியே அனுப்பிவிட்டு மருத்துவ விவாதம் தொடங்கும். மருத்துவரின் பதிலை அவர்கள் கேட்பதில்லை. இரவெல்லாம் போராடிய நர்ஸின் முகத்தை அவர்கள் பார்ப்பதில்லை. நல்ல நோக்கத்தில் வைத்த ஏற்பாடு இது. ஆனால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியவர்கள் அந்த ஒரு கதவின் இரு பக்கத்திலும் நிற்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் மட்டும் கதவைத் தாண்டிப் போயாக வேண்டும். கிராம சுகாதார செவிலியர். பதிவேட்டில் எந்தத் தேதி விடுபட்டது என்று கேட்கப்பட்டு, பதில் சொல்லி, பேருந்து பிடித்து அதே ஊருக்குத் திரும்புகிறார். தாயின் பெயரை அவர் அடித்தாயிற்று. குழந்தையின் பெயர் புதிதாக ஏறியிருக்கிறது. ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் ஊசி. தடுப்பூசி நாள் புதன்கிழமை. அந்த வீட்டார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வராவிட்டால் அவர்தான் போய்க் கதவைத் தட்ட வேண்டும். பாட்டி திறப்பார். யார் முதலில் பேசுவது என்று இருவருக்கும் தெரியாமல் கொஞ்ச நேரம் போகும். பிறகு பாட்டி குழந்தையை அவர் கையில் கொடுப்பார், அவர் தொடையைத் தடவி ஊசி போடுவார், குழந்தை வீறிட்டு அழும்.